வானொலிப் பெட்டிக்கு முன்னால் ஓர் இடம்

19 ஜனவரி 1981, திங்கள்

பனி. எதிர்க்கரை தெரியவில்லை. காதர் பாய் படகை அரை மணி தாமதமாக எடுத்தார். ஏரி நடுவில் கழியை ஊன்றிக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத் தீவு எந்தப் பக்கம் என்று என்னையே கேட்கிறார். பதினாறு வருடமாகப் படகு தள்ளுகிற மனிதர். கேலிதான், தெரியும். ஆனாலும் படகுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு முதல் நாள். ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை என் பொறுப்பு, ஒரே அறை. வருகை 31. பூங்காவனம் (ஏழாம் வகுப்பு) இன்றும் இல்லை. அவள் அப்பா கன்னியப்பனுக்குத் திருக்கை முள் குத்திய கால் ஆறவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து படுக்கை. அம்மா பழவேற்காட்டுக்கு மீன் சுமக்கப் போகிறாள். இவள் வீட்டில் தம்பிகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

பதினொரு மணிக்குத் தலைமை ஆசிரியர் (இனி த.ஆ.) பொன்னேரியிலிருந்து வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய மூட்டை. பிரித்தால் வானொலிப் பெட்டி. அரசு பள்ளிகளுக்குக் கொடுக்கிறதாம். புதன்தோறும் பிற்பகல் 2.30, பள்ளி ஒலிபரப்பு. பெட்டியைப் பிள்ளைகள் தொடக்கூடாது. சினிமாப் பாட்டு வைக்கக்கூடாது.

மாலை நாலு மணிக்குத் த.ஆ. சினிமாப் பாட்டு வைத்தார். சோதித்துப் பார்க்கிறாராம்.

வேண்டியவை: பேட்டரிக் கட்டை 6. சிவப்பு மை. அம்மாவுக்குத் தைலம். குடைக்குக் கம்பி.

20 ஜனவரி, செவ்வாய்

இன்று பெட்டியில் இரைச்சல் மட்டும். கம்பி உயரமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். ஏழாம் வகுப்பு அஞ்சலையின் அப்பா தேசப்பன் வந்தார். வலைக்கழி இரண்டை ஒன்றாகக் கட்டிக் கூரைமேல் நிறுத்தி, கம்பியை இழுத்து முடிந்தார். பத்து நிமிடம். குரல் தெளிவாக வந்ததும் கூரையிலிருந்தே கும்பிடு போட்டார். யாருக்கு என்று தெரியவில்லை. நல்ல மனிதர். ஊரில் யார் வீட்டில் எது உடைந்தாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கிளம்பும்போது ஓலைக் கூடையில் இறால் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்றேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். பெரிய பெரிய இறால்.

படகில் காதர் பாய் கூடையை எட்டிப் பார்த்தார். "தேசப்பனுக்கு இந்த மாசம் யோகம் டீச்சர். பாட்டுக்குப் பாடு எறா."

பாடு என்றால் முறை; பாட்டுக்கு என்றால் முறைக்கு, பாடல் இல்லை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் வரும் இடம் கொஞ்சம்தான். யாருக்கு எந்த நாள் என்று ஊர் ஆண்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். அவரவர் நாளில் அவரவர் வலை. மற்றவன் அந்தப் பக்கம் கழி ஊன்றக்கூடாது. படுக்கையில் இருப்பவனுக்கும் பாடு போகாது. வேறொருவர் அவனுக்காக வலை போட்டு, விழுந்ததை அவன் வாசலில் கொட்ட வேண்டும். பதினொரு வருடத்தில் இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கன்னியப்பன் பாட்டுக்கும் தேசப்பன்தான் போகிறாராம். "ஆனா அவன் பாட்டுல மட்டும் வலை காலியாவே வருது டீச்சர். அவன் நேரம்," என்றார் பாய்.

இறால் தொக்கு. அம்மா இரண்டு தடவை போட்டுக்கொண்டாள்.

21 ஜனவரி, புதன்

முதல் ஒலிபரப்பு. இப்போது நினைத்தாலும் சிரிப்பதா கோபப்படுவதா தெரியவில்லை.

"அன்பு மாணவர்களே, வணக்கம்." 31 பேரும் எழுந்து நின்று "வணக்கம் சார்." அப்படியே நிற்கிறார்கள். உட்காருங்கள் என்றேன். "அவரு இன்னும் சொல்லலியே டீச்சர்." முதுகில் இரண்டு வைத்துத்தான் உட்கார வைத்தேன்.

பாடம்: நீரும் காற்றும். நடுவில் கேள்வி. "கடல்நீர் ஆவியாகி மேலே போனால் என்ன ஆகும்?" பதிலுக்குப் பெட்டி இடைவெளி விட்டது. எட்டாம் வகுப்பு முனுசாமி எழுந்து, "மீனெல்லாம் செத்துப்பூடும் சார்," என்றான். உடனே பெட்டி: "மிகச் சரி. நன்றாகச் சொன்னீர்கள்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையன்கள் கைதட்டுகிறார்கள். பாடம் முடிந்ததும், பெட்டிக்கு நாம் பேசுவது கேட்காது, அது சென்னையில் முன்பே பதிவு செய்தது, சரியான விடை மேகம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். முனுசாமி பணிவாகச் சொன்னான்: "சர்க்கார் பொட்டி டீச்சர். அதுவே சரின்னு சொல்ட்டுது."

பதினொரு வருட வாத்தியார் வேலையை ஒரு பெட்டி ஐந்து விநாடியில் சாப்பிட்டுவிட்டது.

கடைசியில் அறிவிப்பு. உங்கள் ஊர்த் தொழிலைப் பற்றிக் கடிதம் எழுதுங்கள், நல்ல கடிதத்தை ஒலிபரப்பில் படிப்போம். அஞ்சலை மட்டும் முகவரியைக் குறித்துக்கொண்டாள். எனக்குக்கூடத் தோன்றவில்லை.

22 ஜனவரி, வியாழன்

வெயில். வாடைக்காற்று. கூரைக் கழி ஆடுகிறது.

காலையிலேயே அடிதடி. பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று. காற்றடித்தால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை, அதனால். ஒருத்தன் சட்டை கிழிந்தது. நான் பிரம்பை எடுப்பதற்குள் அஞ்சலை எழுந்தாள். ஒல்லியாக, மூக்குத்தியோடு, எப்போதும் எதையோ யோசிக்கிற முகம்.

"பொட்டிக்கும் பாடு வெச்சிக்கலாம் டீச்சர். சீட்டு போட்டா சண்ட வராது."

வாரம் ஆறு பேர் முன்வரிசை. கொட்டாங்கச்சியில் சீட்டு. அவளே எழுதி, அவளே குலுக்கி, சின்னப் பெண் ஒருத்தியை எடுக்கச் சொன்னாள். சத்தம் அடங்கிவிட்டது. இந்த ஊர்ப் பிள்ளைகள் என் பேச்சுக்கு அடங்கியதில்லை, சீட்டுக்கு அடங்குகிறார்கள். ஊர்ப் பாட்டில் பெண்கள் பேர் கிடையாது. இதில் உண்டு. அதுவும் அவள் யோசனைதான்.

எண்ணிப் பார்த்தால் சீட்டு 32. பூங்காவனம் பேரும் இருக்கிறது. அவள்தான் வருவதே இல்லையே என்றேன்.

"பேரு கீதுல்ல டீச்சர். பேரு இருந்தா பாடு உண்டு."

23 ஜனவரி, வெள்ளி

கடிதம் எழுதச் சொன்னேன். ஒன்பது பேர் எழுதினார்கள். எட்டு உருப்படாது. முனுசாமி தனக்குப் பரிசு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறான். அஞ்சலையுடையது மட்டும் தேறும். ர, ற தகராறு நாலு இடம், ஒற்று விட்டது ஆறு. சிவப்பு மையால் திருத்தி, நல்ல தாளில் திரும்ப எழுத வைத்தேன். பெருமையாக இருந்ததால் நகல் இங்கே:

"அன்புள்ள வானொலி அண்ணாவுக்கு அஞ்சலை எழுதும் வணக்கம். எங்கள் ஊரில் ஏரியைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். என் நைனா தன் பாட்டுக்கும் போவார். கால் புண்ணாகிப் படுத்திருக்கும் கன்னியப்பன் மாமா பாட்டுக்கும் போவார். மாமா பாட்டில்தான் இறால் நிறைய விழும். விடியும்போது நைனா படகை எங்கள் வீட்டுப் பின்பக்கம் கட்டுவார். நானும் அம்மாவும் இறால் தலை கிள்ளுவோம். இரண்டு கூடை நிறையும். உங்கள் ஊரில் பாடு உண்டா?"

கடைசிக் கேள்வி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினேன். தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம்.

24 ஜனவரி, சனி

தபாலில் போட்டாயிற்று. தைலம் வாங்கினேன், சிவப்பு மை மறந்தேன். அம்மாவுக்குத் திரும்ப இறால் வேண்டுமாம்.

28 ஜனவரி, புதன்

முன்வரிசைச் சீட்டில் பூங்காவனம் பேர் வந்தது. ஆள் இல்லை. முனுசாமியை அந்த இடத்தில் உட்காரச் சொன்னேன். அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள்.

"அது பூங்காவனம் பாடு டீச்சர்."

"அவள் வரலையே அம்மா."

"வராட்டி வேற ஆளு குந்தி கேக்கலாம். ஆனா கேட்டத அவகிட்ட கொண்டுபோயி சேக்கணும். முனுசாமி சேக்க மாட்டான்."

முனுசாமியும் ஒத்துக்கொண்டான், சேர்க்க மாட்டேன் என்று. அஞ்சலையே உட்கார்ந்தாள். பாடம் இதயமும் ரத்த ஓட்டமும். மணி அடித்ததும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கன்னியப்பன் வீட்டுக்கு ஓட்டம். இப்படி ஒரு பிடிவாதம் எங்கிருந்து வருகிறதோ. அவள் அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

4 பிப்ரவரி, புதன்

பேட்டரிக் கட்டை தீர்ந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கட்டையை வெயிலில் காயவைத்தால் உயிர் வரும் என்று த.ஆ. சொன்னார். வந்தது, நாலு நிமிடம். பல்வலி.

9 பிப்ரவரி, திங்கள்

வானொலி நிலையத்திலிருந்து அஞ்சலட்டை. எங்கள் பள்ளி மாணவி அஞ்சலையின் கடிதம் பதினொன்றாம் தேதி படிக்கப்படும்.

மூன்று தடவை வாசித்தேன். இந்தத் தீவுக்கு இதுவரை தபாலில் வந்தது மாறுதல் உத்தரவும் சுற்றறிக்கையும்தான். த.ஆ. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார். தானே எழுதின மாதிரி.

அஞ்சலை சிரிக்கவில்லை. வந்து மெதுவாகக் கேட்டாள்:

"யாரு டீச்சர் படிப்பாங்க? ஆம்பளயா பொம்பளயா?"

எப்போதும் பேசுகிற அண்ணாதான் என்றேன்.

"அப்ப சரி. பூங்காவனம் அம்மாவயும் வரச் சொல்றீங்களா? நான் சொன்னா வேலை கீதுன்னுடுவாங்க."

சொன்னேன். தோழிமேல் எவ்வளவு பாசம் என்று படகில் காதர் பாயிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

11 பிப்ரவரி, புதன்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

புதுக் கட்டை போட்டோம். இரண்டு மணிக்கே பள்ளி வாசல் நிறைந்துவிட்டது. வலை காய்ந்தபடி கிடக்க ஊரே வந்திருந்தது. பஞ்சாயத்துப் பெரியவர்களுக்குப் பெஞ்சு. பின்னால் பெண்கள். தேசப்பன் வெளுத்த சட்டை போட்டு, மனைவியோடு, முன்னால் வந்து உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "நம்ம பொண்ணு" என்றார். கன்னியப்பன் மனைவி மீன் கூடையோடு நேராகப் படகிலிருந்து வந்து, வேலியோரம் நின்றாள்.

அண்ணா படிக்க ஆரம்பித்தார். அழகான குரல். சீட்டு, பாடு என்று வந்ததும் ஆண்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். ஊர்ப்பேர் காற்றில் வருகிறதே என்ற சந்தோஷம். "கன்னியப்பன் மாமா பாட்டில்தான் இறால் நிறைய விழும்."

சிரிப்பு நின்றது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. அண்ணா நிறுத்தவில்லை, அவருக்கு என்ன தெரியும். பின்பக்கம் படகு. தலை கிள்ளுவது. இரண்டு கூடை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதர் பாய் சொன்னது. வலை காலியாக வருகிறது, அவன் நேரம். கடிதத்தை நாலு தடவை படித்தவள் நான். நாலு தடவையும் ர, ற பார்த்தேன்.

படித்து முடித்துவிட்டு அண்ணா சொன்னார்: "கேட்டீர்களா மாணவர்களே. நோயாளி நண்பருக்காக வலை வீசும் தந்தை. எவ்வளவு உயர்ந்த பண்பு. நாமும் பின்பற்றுவோம்."

பெட்டியில் வீணை வாசித்தார்கள். தேசப்பன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலியோரம் கூடை விழுந்த சத்தம். கன்னியப்பன் மனைவி. கூடையை எடுக்காமல் நடந்து போய்விட்டாள். த.ஆ. பெட்டியை நிறுத்தப் போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அஞ்சலையைத் தேடினேன். முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

வீட்டில் அம்மா கேட்டாள், அந்த இறால் இனிமேல் வராதா என்று. அந்த இறால். கன்னியப்பன் வீட்டு இறாலைத்தான் தொக்கு வைத்துத் தின்றிருக்கிறோம். எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

12 பிப்ரவரி, வியாழன்

அஞ்சலை வரவில்லை. போய்ப் பார்த்தேன். அவள் அம்மா வாசலிலேயே நின்றாள். "படிச்சது போதும் டீச்சர். எழுத கத்துக் குடுத்தீங்க, எங்க ஊட்டையே எழுதிட்டா. இனிமே எழுத்தே வாணாம்." அடித்தீர்களா என்று கேட்டேன். "அவரு கை நீட்டல. பேசவும் இல்ல. அதான் பயமா கீது," என்றாள்.

நாளை மாலை ஊர்ப் பஞ்சாயத்து. தேசப்பனின் பாடு போகலாம். ஊரை விட்டே தள்ளி வைக்கலாம். தள்ளி வைத்தால் அந்தக் குடும்பம் போய்விடும். ஏழாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் எங்காவது இறால் தலை கிள்ளிக்கொண்டு உட்காரும். இது என் கையெழுத்தில் திருத்தி, என் கையால் தபாலில் போட்டது.

த.ஆ. பயந்து போயிருக்கிறார். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வரியை நீங்கள் சேர்த்ததாகச் சொல்லிவிடுங்களேன். வெளியூர்க்காரி, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று. எல்லாரும் தப்பிக்கலாம்," என்றார்.

முதலில் எரிச்சல். பிறகு, ஏன் சொல்லக்கூடாது என்று தோன்றியது. ஒரு பொய். ஒரு பெண் பள்ளிக்கு வருவாள்.

கன்னியப்பன் கால் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளினேன்.

13 பிப்ரவரி, வெள்ளி

நாலரை மணி. அம்மன் கோயில் முன் மணலில் ஆண்கள் மட்டும். பெண்கள் வலை உலர்த்தும் இடத்தில் தள்ளி நிற்கிறார்கள், அங்கிருந்து பேசக்கூடாது. கன்னியப்பனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். கால் கறுத்து, பூசணிக்காய் பருமன். இதுவரை நான் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கன்னியப்பன் மனைவி தூரத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பொம்பளைங்க சும்மா இருங்க," என்று ஒரு குரல். கெட்டது அவள் வீட்டுச் சோறு. அவள் சும்மா இருக்க வேண்டும்.

நான் அரசாங்க டீச்சர் என்பதால் முன்னால் விட்டார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். அந்த வரி நான் சேர்த்தது. அழகுக்காக. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவர் என்னை நேராகப் பார்த்தார். கோபமே இல்லை. "டீச்சரம்மா, எறா தல கிள்ளும்போது எந்த வெரல்ல முள்ளு குத்தும்?"

தெரியவில்லை.

"சரி, பொட்டி பொய் சொல்லிச்சின்னு சொல்றீங்களா?"

காது எரிந்தது. முப்பது, நாற்பது ஆண்கள். வாத்தியார் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது தேசப்பன் எழுந்தார். "டீச்சர வுட்ருங்க. அவங்க பொய் சொல்றாங்க. எம்பொண்ணு எழுதனது நெஜம்."

அவர் கட்டிலைப் பார்த்துப் பேசினார், பஞ்சாயத்தைப் பார்த்து அல்ல.

"மொத பாட்டுல நெஜமாவே வலை காலி மச்சான். வந்து சொன்னேன், நம்பின. ரெண்டாவது பாட்டுல கழி முறியற மாதிரி வுழுந்துச்சு. குடுக்க மனசு வரல. காலின்னு சொன்னா நம்புவன்னு தெரியும். அதுக்கப்புறம் அதே வாயி, அதே பொய்யி."

கன்னியப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தேசப்பன் அழவில்லை. எனக்குத்தான் கண்ணீர் வந்தது, யாருக்காக என்று கேட்டால் தெரியாது.

தீர்ப்பு: அடுத்த சீட்டு வரை தேசப்பன் பாடும் கன்னியப்பனுக்கே. வலை போடுவது தேசப்பன்தான். கரையில் இரண்டு பேர் நின்று பார்க்க, எல்லாவற்றையும் கன்னியப்பன் வாசலில் கொட்ட வேண்டும். ஊரை விட்டுத் தள்ளவில்லை. தானே ஒத்துக்கொண்டதால். கன்னியப்பனை நாளைக்கே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு.

படகிலிருந்து நான் இறங்கும்போது காதர் பாய், "நானே ஏத்தனேன் டீச்சர் அந்தக் கூடையெல்லாம்," என்றார்.

14 பிப்ரவரி, சனி

காலையில் முதல் படகில் கன்னியப்பன். கழி தள்ளியது காதர் பாயும் தேசப்பனும். படித்துறையில் நின்று பார்த்தேன். கிட்டே போகத் தைரியம் இல்லை. பேருந்தில் ஏற்றும்போது தேசப்பன்தான் காலைப் பிடித்துக்கொண்டார்.

பல்வலி போய்விட்டது. எப்போது என்றே தெரியவில்லை.

16 பிப்ரவரி, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மதியம் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அஞ்சலை தனியாக வலை பிரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை.

"உனக்குத் தெரியாம ஒரு வார்த்தை விழுந்துபோச்சு அம்மா. சின்னப் பிள்ளை, நீ என்ன பண்ணுவே. நான்தான் பார்த்திருக்கணும்."

வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"தெரிஞ்சிதான் எழுதனேன் டீச்சர்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன்.

"அம்மாகிட்ட சொன்னேன். வாய பொத்தனாங்க. நைனாகிட்ட சொன்னேன். சின்ன பொண்ணு, போன்னாரு. பூங்காவனம் ஊட்ல கஞ்சியும் இல்ல டீச்சர். பொட்டி வர்றதுக்கு முன்னாலயே நான் பாடம் சொல்லப் போவேன்ல, பாத்தேன். எங்கூட்டு பின்னால கூட கூடயா கீது. பஞ்சாயத்துல நாங்க பேசக் கூடாது. பொட்டி சொன்னா ஊரே கேக்கும். அதும் ஆம்பள கொரலு."

நான் உட்கார்ந்துவிட்டேன். வெறும் தரையில், மீன் செதில் மேல்.

ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"உங்ககிட்டதான டீச்சர் மொதல்ல குடுத்தேன்." கொஞ்சம் தயங்கி, என்னைச் சமாதானப்படுத்துவது மாதிரி சொன்னாள்: "நீங்க எழுத்ததான் பாப்பீங்க, சேதிய பாக்க மாட்டீங்க. அதனாலதான் தைரியமா குடுத்தேன். பாத்திருந்தா அனுப்பியிருக்க மாட்டீங்கல்ல?"

அனுப்பியிருக்க மாட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நைனா பேசினாரா என்றேன். "இல்ல. சோறு மட்டும் என் பக்கத்துல வெச்சி துன்றாரு." பள்ளிக்கு வருகிறாயா என்றேன். "அம்மா வுடாது. பொதன்கெழம என் பாடு டீச்சர். முன்னமே எடுத்த சீட்டுல என் பேருதான் வந்திச்சு." அப்போதுதான் அழுதாள். ஊருக்கு முன்னால் அப்பா தலைகுனிந்ததற்கு அழாதவள்.

17 பிப்ரவரி, செவ்வாய்

காற்று. த.ஆ. பெட்டியை வேட்டியில் சுற்றி வைத்திருந்தார், திருப்பி அனுப்ப. பிரித்து மேசைமேல் வைத்தேன். "இது எதற்கு வம்பு," என்றார். புதன்கிழமைக்குப் பாடு போட்டாயிற்று என்றேன். விளங்கவில்லை அவருக்கு. பெட்டி வைக்கும் அலமாரியின் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

இன்று எட்டுக் கட்டுரை நோட்டு திருத்தினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை பேனா இல்லாமல்.

18 பிப்ரவரி, புதன்

மூட்டம். தூறல் விழும்போல். விழவில்லை.

பூங்காவனம் வந்தாள். கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு. கண்ணில் மை, தலையில் எண்ணெய். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் காலைக் கீறிவிட்டார்களாம், எடுக்க வேண்டியதில்லை. வந்தவள் யாரையும் கேட்கவில்லை. 2.30க்கு முன்வரிசையில் அஞ்சலையின் காலி இடத்தில் போய் உட்கார்ந்தாள். அது உன் இடம் இல்லையே என்று முனுசாமிதான் ஆரம்பித்தான். "அஞ்சலை பாடு. நான் கேட்டுக்கினு போயி சேக்கணும்," என்றாள். முனுசாமி நகர்ந்து இடம் விட்டான்.

பாடம் சந்திரகிரகணம். சிலேட்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டாள்.

மணி அடித்ததும் நானும் பின்னாலேயே போனேன். தேசப்பன் வாசலை அடைத்துக்கொண்டு வலை முடிந்துகொண்டிருந்தார். கன்னியப்பன் மகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அஞ்சலையின் அம்மா உள்ளே கதவைச் சாத்துகிற சத்தம். திரும்பி வா என்று கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை.

பூங்காவனம் சிலேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "அஞ்சலை பாடு கொண்ணாந்திருக்கேன் மாமா."

தேசப்பன் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, மடியில் கிடந்த வலையை வாரி ஒரு பக்கம் ஒதுக்கி, தானே கதவைத் திறந்து விட்டார். அவள் குனிந்து உள்ளே போனாள்.

அப்புறம் உள்ளேயிருந்து பூங்காவனம் குரல், அந்த அண்ணா மாதிரியே: "அன்பு மாணவர்களே, வணக்கம்."